மடக்குக்கத்தி வாங்கப் போகிறீர்களா? போலியையும் அசலையும் பிரித்தறிய வன்னிக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உரப்பையின் தையலைப் பிரிக்க, தோட்டத்துக் குழாயை வெட்ட, மாங்கன்று ஒட்ட, அறுந்த வலையைச் சீராக்க, சோலர் பம்பின் வயரைச் சீவ என்று வன்னியில் மடக்குக்கத்திக்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவரும் முல்லைத்தீவுக் கரையில் வலை காய வைப்பவரும் சட்டைப்பையில் ஒன்றை வைத்திருப்பார்கள். அதனால்தான் பஸ் நிலையத்துப் பக்கம், திருவிழாக் கடைகள், பேஸ்புக் பக்கங்கள் என்று எங்கு பார்த்தாலும் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையுமாகக் கத்திகள் வந்து குவிகின்றன. “தம்பி, ஒறிஜினல் சுவிஸ் சாமான், சும்மா விலைக்குத் தாறன்” என்பார்கள். அதில் பெரும்பகுதி சுவிஸைக் கண்ணாலும் கண்டதில்லை.

இதைப் பெயர் மோகப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. போலிக் கத்தியில் அலகை இழுத்துப் பிடிக்கும் வில்லு நழுவினால் விரல் போகும். அறுவடைக் காலத்தில் பெருவிரல் கிழிந்தவருக்கு எத்தனை நாள் கூலி போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே பொறுமையாக ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில்: எது போலி, எது போலி இல்லை

சந்தையில் மூன்று விதமான கத்திகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, இன்னொருவரின் பெயரையும் சின்னத்தையும் களவாகப் பொறித்தது. இதுதான் போலி. இரண்டாவது, பிரபலமான ஒரு கத்தியின் வடிவத்தை அப்படியே எடுத்து, ஆனால் தன் சொந்தப் பெயரில் விற்பது. அதன் நியாயம் பற்றித் தனியாகச் சண்டை பிடிக்கலாம். வாங்குபவரை அது பெயரால் ஏமாற்றவில்லை. மூன்றாவது, பெயரே இல்லாத மலிவுக் கத்தி. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு அதற்குரிய வேலையை அது செய்யும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். “சைனா சாமான்” என்றால் போலி என்று அர்த்தம் இல்லை. குவாங்டொங் மாகாணத்தின் யாங்ஜியாங் நகரம் கத்தித் தொழிலுக்குப் பேர்போன இடம். அங்கே நல்ல கத்தியும் வருகிறது, குப்பையும் வருகிறது. அமெரிக்க நிறுவனமான ஸ்பைடர்கோவே தன் டெனேசியஸ் மொடலைச் சீனாவில் செய்வித்து, அப்படியென்றே அலகில் பொறித்து விற்கிறது. எங்கே செய்தது என்பதை விட, செய்த இடத்தைப் பற்றிக் கத்தி உண்மை பேசுகிறதா என்பதுதான் கேள்வி.

படி 1: அசலை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்

போலியை நீண்ட நேரம் உற்றுப் பார்ப்பதால் பயன் குறைவு. அசல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் கண்ணுக்குப் போலி தானாகவே தட்டுப்படும்.

வன்னியில் அதிகம் போலி செய்யப்பட்டுக் காண்பது விக்டோரினொக்ஸ். கார்ல் எல்ஸனர் என்பவர் 1884இல் சுவிற்சர்லாந்தின் ஸ்வீஸ் மாநிலத்திலுள்ள இபாக்கில் தொடங்கிய பட்டறை அது. 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார்கள். நாம் இன்று ‘சுவிஸ் கத்தி’ என்று சொல்லும் அதிகாரிகளுக்கான மொடல் 1897இல் பதிவானது. வெங்கர் என்ற இன்னொரு சுவிஸ் நிறுவனமும் நூறு வருடத்துக்கு மேல் இராணுவத்துக்குக் கத்தி செய்தது. 2005இல் அதை விக்டோரினொக்ஸ் வாங்கியது. 2013இல் வெங்கர் பெயரில் கத்தி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே பழைய வெங்கர் ஒன்று கிடைத்தால் அது அசலாக இருக்கலாம். “இந்த வருடத்துப் புது வெங்கர் கத்தி” என்று யாராவது நீட்டினால் யோசியுங்கள்.

விக்டோரினொக்ஸின் சில மொடல்களுக்குரிய இந்த எண்களைக் கைத்தொலைபேசியில் எழுதி வையுங்கள்:

- கிளாசிக் எஸ்டி: மூடிய நிலையில் நீளம் 58 மில்லிமீற்றர், எடை ஏறக்குறைய 21 கிராம்.
- ஸ்பார்ட்டன்: 91 மில்லிமீற்றர், ஏறக்குறைய 60 கிராம். இரண்டு அடுக்கு. கத்தரிக்கோல் கிடையாது.
- கிளைம்பர்: அதே 91 மில்லிமீற்றர், ஏறக்குறைய 82 கிராம். கத்தரிக்கோல் உண்டு.
- ஹன்ட்ஸ்மன்: அதே நீளம், ஏறக்குறைய 97 கிராம். கத்தரிக்கோலோடு மரம் அறுக்கும் வாளும் உண்டு.
- சுவிஸ் சாம்ப்: 91 மில்லிமீற்றர், ஏறக்குறைய 185 கிராம், 33 பயன்பாடுகள்.

போலி செய்பவர்கள் பெரும்பாலும் எந்த மொடலிலும் இல்லாத ஒரு கூட்டுக் கலவையைச் செய்வார்கள். ஸ்பார்ட்டன் பருமனில் கரண்டி, முள், திசைகாட்டி எல்லாம் இருந்தால் அப்படியொரு அசல் மொடல் உண்டா என்று நிறுவனத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். அங்கேயே நின்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

படி 2: விலையையும் விற்பவரையும் எடை போடுங்கள்

சுவிஸிலேயே புது ஸ்பார்ட்டன் ஒன்றுக்கு முப்பது பிராங்க் அளவில் கொடுக்க வேண்டும். அதை ரூபாயாக மாற்றி, அனுப்பும் செலவையும் வரியையும் மேலே போடுங்கள். கிளிநொச்சிச் சந்தியில் அது புதிதாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்க வழியே இல்லை. ஆனால் விலை கூடினால் அசல் என்றும் நம்பாதீர்கள். ஆசைப்படுபவரைக் கண்டதும் விலையை உயர்த்தும் போலி வியாபாரியும் இருக்கிறார்.

ஒன்லைனில் வாங்குவதானால் படத்தை நம்ப வேண்டாம். அசலின் விளம்பரப் படத்தைப் போட்டுவிட்டுப் போலியை அனுப்புவது மிகச் சாதாரணம். விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, அலகு பிடியோடு சேரும் இடத்தில் உள்ள எழுத்தைக் கிட்டப் பிடித்த படம். மற்றது, அன்றைய திகதியை எழுதிய கடுதாசியோடு கத்தி கிடக்கும் படம். சாமான் கையில் இருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

நேரில் வாங்கும்போது பில்லில் “விக்டோரினொக்ஸ், சுவிஸ் தயாரிப்பு” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கண்டவற்றில் இதைப்போல வேலை செய்யும் சோதனை வேறில்லை. வாயால் பத்துத் தரம் “ஒறிஜினல்” என்று சொல்லும் கை, எழுதச் சொன்னதும் தயங்கும்.

பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். கத்தியை விடப் பெட்டியைக் கொப்பி அடிப்பது லேசு.

படி 3: எழுத்தைப் பாருங்கள்

பெரிய அலகைத் திறந்து, அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். அசலில் விக்டோரினொக்ஸ் என்ற பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்பதும் ஆங்கிலத்தில் இருக்கும். பழைய கத்திகளில் சுவிற்சர்லாந்து என்று இருக்கும். எழுத்து ஒரே ஆழத்தில், ஒரே உயரத்தில், விளிம்பு கூராகப் பதிந்திருக்கும். கைத்தொலைபேசிக் கமராவில் பெருப்பித்துப் பாருங்கள். நகத்தாலும் தடவிப் பாருங்கள். போலியில் எழுத்து சாய்ந்திருக்கும், ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும், அல்லது மை பூசியதுபோல் மேலே ஒட்டியிருக்கும். ஒரு எழுத்து மாறிய பெயர்களும் உண்டு. நாடு பெயர் இல்லாமல் வெறும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் பொறித்ததும் உண்டு.

படி 4: சின்னமும் பிடியும்

சிலுவை மட்டும் இருந்தால் அது எதற்கும் சாட்சி இல்லை. யாரும் சிலுவை போடலாம், போடுகிறார்கள். விக்டோரினொக்ஸின் சின்னம் கேடயத்துக்குள் சிலுவை; கேடயத்தைச் சுற்றி ஒரு கோடு. வழக்கமான 91 மில்லிமீற்றர் சிவப்புப் பிடியில் இது உலோகமாகப் பதிக்கப்பட்டிருக்கும். சாய்த்துப் பிடித்தால் மினுங்கும், விரலால் தடவினால் பிடியோடு ஒரே மட்டமாக இருக்கும். போலியில் வெள்ளைப் பெயின்ற் அல்லது ஒட்டிய தகடு. ஆனால் கவனம்: நைலோன் பிடி உள்ளவை போன்ற சில அசல் மொடல்களிலும் சின்னம் அச்சாகத்தான் வரும். அதனால் சின்னத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பிடியின் முனையில் பல்லுக்குத்தியும் சாவணமும் செருகியிருக்கும். அசலில் அவை இழுத்தால் இதமாக வரும், தள்ளினால் இறுகி நிற்கும். போலியில் ஒன்று தானாக விழும், அல்லது இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். சாவணத்தின் இரு முனையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முள் எடுக்க முடியாத சாவணம் வன்னிக்கு எதற்கு?

படி 5: காந்தமும் தராசும்

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டினால் “இது ஸ்டெயின்லெஸ் இல்லை” என்று சொல்லிப் பழகிவிட்டோம். கத்திக்கு அது பொருந்தாது. பாத்திரம் செய்யும் உருக்கில் நிக்கல் கூட. அது காந்தத்தில் ஒட்டாது. கத்தி உருக்கு கடினமாக வேண்டும் என்பதால் வேறு வகை. குரோமியம் போதிய அளவு இருக்கும், கறள் பிடிப்பது குறைவு, ஆனாலும் காந்தத்தில் நன்றாக ஒட்டும். அசல் சுவிஸ் அலகும் ஒட்டும். ஆகவே அலகில் காந்தம் ஒட்டியதைக் காட்டி அசலைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

காந்தத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. அசலின் அடுக்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகள் அலுமினியம். அவற்றில் காந்தம் ஒட்டாது. பல போலிகளில் அந்தத் தகடும் மலிவு இரும்பு. கருவிகளைத் திறந்துவிட்டு, ஒரு சின்னக் காந்தத்தை நடுத்தகட்டின் விளிம்பில் மெல்லத் தொடுங்கள். பக்கத்தில் உள்ள வில்லு காந்தத்தை இழுக்கும் என்பதால் இதற்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரும்புத் தகடு போட்ட கத்தி தராசிலும் காட்டிக் கொடுக்கும். நகைக்கடைத் தராசோ சமையல் தராசோ, கிராம் காட்டினால் போதும். ஸ்பார்ட்டன் என்று விற்றது 90 கிராம் நிறுத்தால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை.

படி 6: திறந்து மூடுங்கள், காதைக் கொடுங்கள்

அசல் அலகு திறக்கும்போது ஆரம்பத்தில் இறுக்கமாக இருந்து, பிறகு வில்லு இழுத்து ‘டக்’ என்று இடத்தில் உட்காரும். மூடும்போதும் அதே சத்தம். ஒவ்வொரு கருவியையும் திறந்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு மூடிய கத்தியைச் சூரியனுக்கு எதிரே பிடியுங்கள். வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் அது அவசரத்தில் தறைந்த கத்தி. மூடும்போது அலகின் கூர் உள்ளே எதிலாவது முட்டுகிறதா என்பதையும் பாருங்கள். முட்டினால் ஒவ்வொரு முறையும் கூர் மழுங்கும்.

கத்தரிக்கோல் இருந்தால் மெல்லிய ஷொப்பிங் பையை வெட்டிப் பாருங்கள். அடியில் இருந்து நுனி வரை வெட்ட வேண்டும். போலியில் நடுவில் பை மடிந்து சிக்கும். போலிக்காரருக்கு மிகவும் கடினமான உறுப்பு இந்தக் கத்தரிக்கோல்தான். இரண்டு சின்ன அலகும் சரியான கோணத்தில் உரசிப் போக வேண்டும் என்பதால் மலிவாகச் செய்ய முடியாது.

படி 7: வீட்டில் செய்யும் சோதனை: உருக்கு பேசட்டும்

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. பெயரையும் சின்னத்தையும் நன்றாகப் போலி செய்துவிடலாம். வெப்பத்தில் காய்ச்சிப் பதப்படுத்துவது காசு பிடிக்கும் வேலை, அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

விக்டோரினொக்ஸ் தன் கத்தியில் எல்லாப் பாகத்தையும் ஒரே கடினத்தில் செய்வதில்லை. உருக்கின் கடினத்தை அளக்கும் ரொக்வெல் சி அளவில் (எண் கூடினால் கடினம் கூட) அலகு 56. வாள், கத்தரிக்கோல், நக அரம் 53. திருகாணி முடுக்கி, டின் வெட்டி, துளைக்கும் ஊசி 52. போத்தல் தக்கையை இழுக்கும் சுருளும் வில்லும் 49. காரணம் எளிது. அலகு கூரைப் பிடித்து வைக்க வேண்டும், அதற்குக் கடினம் தேவை. முடுக்கி முறுக்கைத் தாங்க வேண்டும், மிகக் கடினமாக இருந்தால் உடைந்துவிடும். வில்லு வளைந்து திரும்ப வேண்டும். போலியில் எல்லாம் ஒரே தகட்டில் வெட்டியது போலவே நடந்துகொள்ளும்: முடுக்கி முறுகும், அலகு மடியும், வில்லு சில மாதத்தில் தளரும்.

வாங்கிய அன்று கூராக இருப்பது எதையும் காட்டாது. கடைசி நேரத்தில் மெஷினில் பிடித்தால் எந்தத் தகரமும் மயிர் சிரைக்கும். கூர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் விஷயம். இப்படிச் செய்யுங்கள்:

1. தீட்டுகல்லில் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வில், இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டுங்கள். அலகு வாயில் ஒட்டும் மெல்லிய பிசிரைத் தோல் வாரில் இழுத்து நீக்குங்கள்.
2. ஒரு கடுதாசியைத் தொங்கப் பிடித்து வெட்டுங்கள். கிழியாமல் வெட்ட வேண்டும்.
3. பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கீலம் கீலமாக முழுவதும் வெட்டுங்கள். தென்னந்தும்புக் கயிறு இருந்தால் அதையும்.
4. மறுபடியும் கடுதாசி. அசல் அலகு கொஞ்சம் தடைப்பட்டாலும் வெட்டும். பதமில்லாத அலகு கடுதாசியைக் கிழிக்கும், அல்லது வழுக்கும்.
5. பல்ப் வெளிச்சத்தில் அலகு வாயை உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. மினுக்கம் தெரியும் இடமெல்லாம் மடிந்த இடம்.

தேசிக்காய்ச் சாறு பூசி இரவு முழுக்க வைத்துப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. அதில் கறுத்தால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். அசலா போலியா என்பதை அது சொல்லாது. நல்ல கார்பன் உருக்குக் கத்தியும் கறுக்கத்தான் செய்யும்.

என் அபிப்பிராயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். லொறி வில்லுத் தகட்டை எடுத்துக் கம்மாலையில் காய்ச்சி அடித்த கத்தி, கள்ளப் பெயர் போட்ட எந்த மினுக்குக் கத்தியையும் விட எவ்வளவோ மேல். கறள் பிடிக்கும், பார்க்க முரடாக இருக்கும். ஆனால் அதன் உருக்கில் கூர் நிற்கும், செய்தவர் ஊரில் இருக்கிறார், குறை இருந்தால் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

படி 8: பூட்டைச் சோதியுங்கள்

91 மில்லிமீற்றர் சுவிஸ் கத்திகளில் அலகு பூட்டாது, வில்லு மட்டும் பிடித்து நிறுத்தும். அது குறையில்லை, அமைப்பே அப்படி. அவற்றால் குத்தவோ பின்புறம் தட்டவோ கூடாது.

பூட்டு உள்ள கத்தி என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அலகைத் திறந்து பூட்டுங்கள். அலகு மடங்கும் பாதையில் ஒரு விரலும் இல்லாதபடி பிடியைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அலகின் முதுகை மடித்த சாக்கின் மேல் வைத்து, மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி யார் பெயரில் இருந்தாலும் பாவிக்க வேண்டாம். பெஞ்ச்மேட், ஸ்பைடர்கோ என்ற அமெரிக்க நிறுவனங்களின் பெயரில் வரும் போலிகளில் இதுதான் உண்மையான ஆபத்து. அவற்றின் வெளித்தோற்றம் சுவிஸ் போலிகளை விடப் பல மடங்கு நேர்த்தி. அலகில் எழுதியிருக்கும் உயர்தர உருக்கின் பெயரைக் கண்ணால் சரிபார்க்க வழி இல்லை. அந்த வகைக் கத்தி வேண்டுமானால் நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். ‘டமாஸ்கஸ்’ (வெவ்வேறு உருக்குகளை அடுக்கி அடித்தது) என்று அலை அலையாகக் கோடு போட்டவற்றிலும் பல வெறும் மேற்பூச்சுக் கீறல். மெல்லிய மண்கடுதாசியால் தேய்த்தால் அழிந்துபோய், பிறகு திரும்ப வராது.

ஒபினெல், லெதர்மன்: சுருக்கமாக

பிரான்ஸில் இருந்து வரும் உறவினர் கொண்டுவருவது ஒபினெல். 1890இல் சவோய்ப் பகுதியில் ஜோசப் ஒபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி. அலகில் கிரீடம் சூடிய கை இருக்கும். கழுத்தில் சுழலும் பூட்டு வளையம் 1955இல் வந்தது. 8ஆம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர். வளையம் சுழலும்போது சீரான இறுக்கம் இருக்க வேண்டும். இதில் கார்பன் உருக்கு, ஸ்டெயின்லெஸ் இரண்டும் உண்டு. கடல் காற்று அடிக்கும் இடத்தில் இருப்பவர் ஸ்டெயின்லெஸ்ஸை எடுப்பது நல்லது. மழைக்காலத்தில் மரம் ஊதி அலகு இறுகுவது இதன் இயல்பு. அதைக் கண்டு போலி என்று எண்ண வேண்டாம்.

லெதர்மன் அமெரிக்காவின் போர்ட்லன்ட் நகரத்துக் குறடு. 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். வேவ் என்ற மொடல் ஏறக்குறைய 240 கிராம். போலியில் குறட்டின் வாய் மூடும்போது நுனி ஒன்றோடொன்று சேராது. ஒரு மெல்லிய வயரை நுனியால் பிடித்து இழுத்தாலே தெரிந்துவிடும்.

சுவிஸில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தால்

வன்னியில் பல வீடுகளுக்குச் சுவிஸில் ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருக்கிறார். ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது “என்ன கொண்டுவர?” என்று கேட்டால், கத்தி என்று மட்டும் சொல்லாமல் மொடல் பெயரைச் சொல்லுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான நினைவுப்பொருள் கடைகளில் சிலுவை போட்ட எல்லாமே ஒரே நிறுவனத்துடையது என்று நம்ப வேண்டாம். பில்லையும் கேட்டு வாங்குங்கள்; செய்முறைக் குறை இருந்தால் உத்தரவாதத்துக்கு உதவும். இன்னொன்று: கத்தியைக் கைப்பையில் வைத்தால் விமானநிலையத்தில் பறித்துவிடுவார்கள். அனுப்பும் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால்

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கடைக்காரரிடம் போங்கள். பல கடைக்காரர்களும் மொத்த வியாபாரியிடம் ஏமாந்தவர்கள்தான். பேசினால் திருப்பி எடுப்பவர் இருக்கிறார். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை அது. கள்ள வியாபாரச் சின்னம் போடுவது அதே வருடத்து 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றம். முறைப்பாட்டோடு பில், கத்தியின் எழுத்துப் படம், விற்பவர் அனுப்பிய செய்திகளின் படம் மூன்றையும் இணையுங்கள்.

பணம் திரும்பாவிட்டால் கத்தியை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள், பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். வில்லோ பூட்டோ சரியாக நின்றால் உரப்பை பிரிக்க, மணிலாக் கயிறு வெட்ட வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் அலகில் உள்ள கள்ளப் பெயரை அரத்தால் உரசி அழித்துவிடுங்கள்.